இரண்டு மூடிக் குழல்

எந்தக் காலம், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள். ராஜா பெயர் வீரகேது, ஊர் மணக்குடி. நமக்கு அது போதும்.

வீரகேதுவின் சபையில் ஒரு வேடிக்கையான சட்டம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கையைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. ராஜாவும் தன் இடக்கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருப்பார். அது ராஜ கம்பீரமாம்!

ஒருநாள் கப்பல்காரன் ஒருவன் சீமைக் குழல் ஒன்றைக் காணிக்கை வைத்துவிட்டுப் போனான். மூன்று துண்டாகக் கழற்றலாம். மஞ்சள் மரம், அப்படியொரு நயமான கடைசல். அடிப்பக்கத்தில் இடப்புறம் ஒரு துளை, வலப்புறம் ஒரு துளை. இரண்டுக்கும் தனித்தனிப் பித்தளை மூடி. சுண்டுவிரலால் அழுத்தினால் திறக்கும். அரண்மனை நாயனக்காரர் ஊதிப் பார்த்தார். இதைத் திறந்தாலும் அதே சுரம், அதைத் திறந்தாலும் அதே சுரம்!

ஒரே சுரத்துக்கு எதற்கு ஐயா இரண்டு துளை? மந்திரி, "ஒன்று அழகுக்கு" என்றார். ஜோசியர், "ஒன்று ஆண், ஒன்று பெண்" என்றார். நாயனக்காரர், "செய்தவனின் கைப்பிசகு, வேண்டாத மூடியை அறுத்துவிடலாம்" என்றார். சரி, எது வேண்டாதது? இடது என்றார் ஒருவர். வலது என்றார் ஒருவர். இரண்டும் என்றார் ஒருவர்!

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "கடைசல்காரி குருந்தாயியைக் கூப்பிடு. அவளே பார்த்து அறுக்கட்டும். குழல் கெட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்!"

கட்டில் கால் கடைந்து பிழைக்கிற குருந்தாயி, கட்டிய இடக்கையோடு வந்தாள். வலக்கையால் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த மூடியை எடுத்தாலும் அந்தத் துளை வாய் பிளந்துவிடும், குழல் கெட்டுவிடும். அறுக்காவிட்டாலோ ராஜ கட்டளை.

"கையை அவுத்துவிடச் சொல்லுங்க ராசா. ஒரு தரம் பிடிச்சுப் பார்த்துக்கிறேன்."

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையசைத்தார். எல்லாரும் வலக்கையைக் கீழே வைத்துப் பிடித்த குழலை, இவள் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தாள். சுண்டுவிரல் தானாகப் போய் இடப்புற மூடிமேல் உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ராசா, வேண்டாத மூடின்னு இதுல ஒண்ணும் இல்லை. ஊதப்போறவங்க எந்தக் கைக்காரங்கன்னு செஞ்சவனுக்குத் தெரியாது. அதான் வலக்கைக்காரங்களுக்கு ஒண்ணு, என்னைமாதிரி ஆளுக்கு ஒண்ணு. கண்ணால பாக்காத எனக்கும் சேர்த்துக் கடைஞ்சிருக்கான், சாமி! நான் அறுக்கமாட்டேன். ஊரைவிட்டுப் போகச் சொன்னாப் போறேன்."

ராஜா மெல்லச் சால்வையை விலக்கினார். அவருடைய இடக்கை மணிக்கட்டைச் சுற்றிப் பழைய தழும்பு. இடக்கைப் பழக்கம் போகட்டும் என்று சின்ன வயதில் அவரைக் கட்டிவைத்த கயிற்றின் தழும்பு அது.

அந்தக் கையை நீட்டி, "இங்கே கொடு தாயி" என்றார். குருந்தாயி இடக்கையாலேயே கொடுத்தாள், ராஜா இடக்கையாலேயே வாங்கினார். அன்றோடு அந்தச் சட்டமும் ஒழிந்தது.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: நமக்குப் புரியவில்லை என்பதற்காக எதையும் வேண்டாதது என்று அறுத்துவிடக் கூடாது, அது வேறு யாருக்கோ வேண்டியதாக இருக்கும்.