நாய் வரிசையில் உட்கார மறுத்த நீர்நாய்கள்

மலையும் ஆறும் சேர்ந்திருந்த ஒரு காட்டில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஆழமான மடு இருந்தது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. அதன் கரையில், மருத மரங்களின் வேர்களுக்கு இடையே வளை தோண்டி, நீர்நாய்கள் குட்டிகளை வளர்த்தன. மீன் பிடிக்கும், பாறையில் சறுக்கும், வெயிலில் உடம்பைக் காயவைக்கும், மறுபடியும் மீன் பிடிக்கப் போகும். அதுதான் அவற்றின் வாழ்க்கை.

நீர்நாய் என்பது மற்ற விலங்குகள் வைத்த பெயர். அவை தங்களை மடுவார் என்றே சொல்லிக்கொள்ளும். மடுவில் பிறந்து மடுவில் வாழ்கிறவர்கள் என்று அதற்குப் பொருள்.

காட்டில் ஒரு சபை இருந்தது. யானை அதற்குத் தலைவர். ஒவ்வோர் இனத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. பெயரின் கடைசியில் 'நாய்' என்று வருகிறதே என்று, மற்ற விலங்குகள் நீர்நாய்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நாய் இனத்தில் சேர்த்துவிட்டன. செந்நாய்களின் தலைவன் செம்பன் முன்னால் உட்காரும். நீர்நாய்கள் வந்தால் அதன் பின்னால் உட்கார வேண்டும். பேசும் உரிமை செம்பனுக்கு மட்டும்தான். அதனால் நீர்நாய்கள் சபைக்குப் போவதையே விட்டுவிட்டன.

ஒரு வருஷம் மழை பெய்யவில்லை. ஆற்றில் ஓட்டம் நின்று, குட்டைகள் எல்லாம் காய்ந்துபோயின. காட்டெருமைகள் சபைக்கு வந்து, வெயில் தாங்க முடியவில்லை, குடிக்கவும் புரளவும் மடுவைத் தர வேண்டும் என்று கேட்டன.

யானை நியாயம் தெரிந்ததுதான். அங்கே குடியிருக்கும் இனம் சம்மதித்தால் தரலாம் என்றது. பிறகு செம்பன் பக்கம் திரும்பிக் கேட்டது.

செம்பனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எல்லாரும் தன் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிடிக்கும், அவ்வளவுதான். "நாய் இனத்துக்கு மடு எதற்கு? நாங்கள் தரையில் ஓடுகிறவர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது. சபை அதன் பெருந்தன்மையைப் பாராட்டியது.

மறுநாள் காலை காட்டெருமைகள் மடுவில் இறங்கின. வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் சேறாகிவிட்டது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கனத்த குளம்புகள் மிதித்ததில் கரை இடிந்து விழுந்தது. சுழலி என்ற தாய் நீர்நாயின் வளை அதில் மூடிப்போனது. உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. கூட்டம் முழுவதும் சேர்ந்து நகம் தேயத் தேயத் தோண்டியது. ஒரு குட்டிதான் பிழைத்தது.

சுழலி அன்று எதுவும் சாப்பிடவில்லை. பிழைத்த குட்டியை நக்கிச் சுத்தம் செய்து தங்கையிடம் விட்டுவிட்டு, கூட்டத்தை அழைத்துக்கொண்டு சபைக்குப் போனது.

சபையில் அது செம்பனின் பின்னால் உட்காரவில்லை. நடுவில் போய் நின்று, நடந்ததைச் சொன்னது. பிறகு, "தலைவரே, எங்கள் மடுவைக் கொடுக்கச் சம்மதித்தது யார்?" என்று கேட்டது.

"உங்கள் இனத் தலைவன் செம்பன்" என்றது யானை.

"நாங்கள் அந்த இனம் இல்லை. நாங்கள் மடுவார். எங்களுக்குத் தனி இடம் வேண்டும். எங்களுக்காக நாங்களே பேச வேண்டும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. மீசை இருக்கிறது, கோரைப்பல் இருக்கிறது, வால் இருக்கிறது, பெயரிலேயே நாய் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று காட்டுப்பன்றி கேட்டது. ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டு வந்தால் உட்கார இடம் ஏது என்றது கரடி. நாய் இனம் என்ற பெருமையை வேண்டாம் என்கிறார்களே என்று செம்பன் வருத்தப்பட்டது. யானையும் யோசித்துப் பார்த்துவிட்டு, காலம் காலமாக இருந்துவரும் முறையை மாற்றுவது எளிதல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டது.

நீர்நாய்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. சபைக்குப் போக இருந்த ஒரே ஒற்றையடிப் பாதையில் குறுக்கே வரிசையாகப் படுத்துக்கொண்டன. யாரையும் கடிக்கவில்லை, திட்டவில்லை. வருகிற விலங்குகளிடம் எல்லாம், "நாங்கள் மடுவார்" என்று மட்டும் சொல்லின. யானைக்கு அவற்றை மிதித்துக்கொண்டு போக மனம் வரவில்லை. சபை கூடவில்லை.

பொறுமை இழந்த இளம் செந்நாய்கள் சில, நீர்நாய்களைக் கழுத்தைக் கவ்வி இழுத்துப்போடக் கிளம்பின. அப்போது புதருக்குள்ளிருந்து முள்ளம்பன்றி ஒன்று மெல்ல வந்தது. மிகவும் கூச்ச சுபாவம் உள்ளது அது. யாருடனும் அதிகம் பேசாது.

"என்னைப் பன்றி இனத்தில் வைத்திருக்கிறார்கள். நான் பன்றி இல்லை. இவ்வளவு காலம் அதைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையின் முன்னால் படுத்து முட்களை விரித்துக்கொண்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, வந்த வழியே போயின.

வேறு வழியில்லாமல் யானை அந்தப் பாதையிலேயே சபையைக் கூட்டியது. இதற்கு ஒரு முடிவு வேண்டும், உங்கள் வழக்கைச் சுருக்கமாகச் சொல் என்று சுழலியிடம் கேட்டது.

சுழலி செம்பனைப் பார்த்துத் திரும்பியது.

"நீங்கள்தான் எங்கள் தலைவர் என்றால், எங்கள் வீட்டுக்குள் ஒரே ஒரு தடவை வாருங்கள். வந்துவிட்டால், நாங்கள் நாய்கள்தான் என்று ஒப்புக்கொண்டு பேசாமல் போய்விடுகிறோம்."

"இவ்வளவுதானா?" என்றது செம்பன். "இப்போதே வருகிறேன்."

சபை முழுவதும் மடுவுக்குப் போனது. காட்டெருமைகளை ஒதுங்கி நிற்கச் சொன்னது யானை. சேறு கொஞ்சம் அடங்கியது. செம்பன் கரை ஓரமாக மோப்பம் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. வேர்கள் தெரிந்தன, பாறைகள் தெரிந்தன. வாசல் எதுவும் தெரியவில்லை.

"வாசல் எங்கே?"

"தண்ணீருக்கு அடியில்" என்றது சுழலி.

செம்பனுக்கு நீச்சல் தெரியும். மானைத் துரத்திக்கொண்டு எத்தனையோ தடவை ஆற்றில் இறங்கியிருக்கிறது. துணிந்து குதித்தது. ஆனால் மிதப்பது வேறு, முழுகுவது வேறு. தலையை உள்ளே விட்டதுமே மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமிக்கொண்டு மேலே வந்தது. மறுபடியும் முயன்றது. சேறு கண்ணை மறைத்தது. மூன்றாவது தடவை ஒரு வேரில் பின்னங்கால் சிக்கிக்கொண்டு, மேலே வர முடியாமல் தத்தளித்தது.

அடுத்த கணம் சுழலி தண்ணீருக்குள் இருந்தது. வேரைக் கடித்து அறுத்து, செம்பனைத் தோளால் முட்டிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது.

செம்பன் வெகுநேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பிறகு எழுந்து நின்றது. ஈரம் சொட்டும் உடம்போடு யானையின் முன்னால் போய், "தலைவரே, நான் பார்த்தே இராத வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இவர்கள் சார்பில் பேச எனக்குத் தகுதி இல்லை" என்றது. சுழலியின் பக்கம் திரும்பியபோது அதன் வால் தாழ்ந்திருந்தது. "உன் குட்டிக்கு நான் என்ன பதில் சொல்லப் போகிறேன்?"

சுழலி தன் வளை மூடிப்போன இடத்துக்குப் போய் நின்றது.

யானை அதன் பின்னால் போய் அந்த இடிந்த கரையைக் குனிந்து பார்த்தது. தானும் ஒரு தடவையாவது இங்கே வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. செம்பன் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது. பிறகு, சபைக்கு இனங்களின் பெயரைக் கூவி அழைக்கும் மைனாவிடம் ஏதோ சொன்னது. மைனா பறந்துபோய் உயரமான பாறையில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"மடுவார்" என்று அது கூவியது.

தங்கள் பெயரை வேறொருவர் வாயிலிருந்து நீர்நாய்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஒன்றுகூட அசையவில்லை. மைனா இன்னொரு தடவை கூவ வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் எல்லாம் எழுந்து நின்றன.

யானை கேட்டது: "மடுவாரே, காட்டெருமைகளுக்கு வேறு எங்கும் தண்ணீர் இல்லை. உங்கள் மடுவைப் பற்றி உங்கள் முடிவு என்ன?"

சுழலி காட்டெருமைகளைப் பார்த்தது. அவற்றின் உடம்பு இளைத்து, விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்திலும் கன்றுகள் இருந்தன. சுழலி தன் இனத்தாரிடம் திரும்பிச் சிறிது நேரம் பேசியது. ஓர் இளைய நீர்நாய் கோபமாகத் தலையாட்டியது. இன்னொன்று அதைச் சமாதானப்படுத்தியது. கடைசியில் சுழலி முன்னால் வந்தது.

"மழை வரும்வரை குடிக்கட்டும். மணல் திட்டு இருக்கும் பக்கமாக வரட்டும். உள்ளே இறங்கிப் புரள வேண்டாம், எங்கள் வீடுகள் இருக்கின்றன."

காட்டெருமைகள் தலை குனிந்து, மணல் திட்டுப் பக்கமாக ஒவ்வொன்றாக நடந்தன.

இதிலிருந்து நாம் அறியும் நீதி: ஒருவர் யார் என்பதை அவரே சொல்லக் கேட்க வேண்டும், அவரைக் கேட்காமல் அவருக்காகப் பேசுவது அநீதி.