வருகிறவர்களுக்கு வைத்த தேநீர்

மங்கோலியப் புல்வெளியில் வந்து இறங்கிய அன்று கிதியோனுக்கு வாயடைத்துப் போயிற்று.

தெற்கத்தி நாசரேத் பக்கத்துப் பையன். பேச்சுக்குப் பேர் போனவன். கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டப் பந்தலில் அவன் எழுந்து நின்றால் பின்வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்கார்வார். அப்பேர்ப்பட்டவனுக்கு அந்த வானத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. வேலி இல்லை, மரம் இல்லை, ரோடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. பயமா சந்தோஷமா என்று தெரியாமல் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

ஊரில் அவனுக்கு மாலை போட்டு, பேண்டு வாத்தியம் வைத்து வழியனுப்பினார்கள். "இருண்ட தேசத்தில் விளக்கேற்றப் போகிறேன்" என்று அவனும் ஆலயத்தில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தான். இங்கே என்னவென்றால் வெயிலில் கண் கூசியது.

மிஷனெரிப் பயிற்சி மையம் என்றால் மாடிக் கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். கம்பளி போர்த்திய சில வட்டக் கூடாரங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு. அவ்வளவுதான். பல தேசத்துப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். நடத்துகிறவள் எப்சிபா அக்கா.

அக்கா அவன் ஊர்ப் பக்கத்துச் சாயர்புரத்துக்காரி. நர்ஸாக வந்தவள், அங்கேயே தங்கிவிட்டாள். அந்த ஊர் நீள அங்கியும் மயிர்த் தொப்பியும் போட்டுக்கொண்டு மோட்டார் பைக்கில் புல்வெளியைக் கிழித்துக்கொண்டு போவாள். வாயைத் திறந்தால் மட்டும் சாயர்புரம் தெரியும்.

மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர் முதல் ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத்து ஆட்டு மேய்ப்பர்கள் முன்னால் எழுந்து பேச வேண்டும். கேட்டுவிட்டு அக்கா முடிவு சொல்வாள். இருக்கலாம், இல்லையென்றால் ஊருக்குப் போகலாம். போன வருஷம் ஒருவன் பிரமாதமாகப் பேசினானாம். மறுநாளே அவனைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டாளாம்.

இதைக் கேட்டதிலிருந்து கிதியோனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலை போட்டு அனுப்பிய ஊருக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

முதல் நாள் காலையில் அக்கா அவன் கையில் ஒரு கூடையைக் கொடுத்தாள்.

"சாணி பொறுக்கிட்டு வா, தம்பி."

மரமில்லாத ஊரில் காய்ந்த மாட்டுச் சாணம்தான் விறகு.

"அக்கா, நான் பிரசங்கம் பண்ண வந்தவன்."

"அதனாலதான் சொல்லுதேன். காஞ்சதாப் பாத்து எடு."

எடுத்தான். மறுநாளும் எடுத்தான். அதற்கு மறுநாள் கூடை தானாகவே அவன் கைக்கு வந்துவிட்டது. குனிந்து பொறுக்குவான், நிமிர்ந்தால் வானம். பிரசங்கம் ஒரு பக்கம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அக்காவைத் தேடிப் போவான்.

"ஞாயித்துக்கிழம எதப் பத்திப் பேசட்டும்க்கா?"

"உனக்கு நடந்ததப் பேசு."

"எனக்கு என்ன நடந்திருக்கு? பொறந்ததுலேருந்து ஆலயம், வீடு. அவ்வளவுதான்."

"அப்போ பொறு."

பொறுத்தான். பொறுத்துப் பொறுத்துச் சனிக்கிழமை வந்துவிட்டது.

அன்று காலையில் அக்கா பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றாள். "ஏறு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாவுக்குச் சொகமில்ல. பாத்துட்டு வருவோம்."

கிதியோன் ஓடிப்போய் ஒரு பையை எடுத்து வந்தான். பிஸ்கட்டு, ரொட்டி, பிளாஸ்க் நிறைய காப்பி.

"அத வச்சிட்டு வா."

"வழியில பசிக்குமேக்கா?"

"பசிக்கும்."

பையை வைத்துவிட்டு ஏறினான்.

பைக் போய்க்கொண்டே இருந்தது. நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பின்னால் உட்கார்ந்து பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். "நீங்கள் அவரைக் கண்டதில்லை. ஆனாலும் நீங்கள் வருமுன்பே அவர் உங்களுக்கு விருந்து ஆயத்தம் பண்ணியிருக்கிறார். நீங்கள் யார், என்ன தகுதி என்று கேட்கமாட்டார். அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லை." நல்ல குரல். காற்றிலும் கணீரென்று கேட்டது.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு. அந்த விருந்துல நீ சாப்பிட்டிருக்கியா?"

"விசுவாசிக்கேன்க்கா."

"சாப்பிட்டிருக்கியான்னு கேட்டேன்."

கிதியோனுக்கு முகம் சுண்டிவிட்டது.

மலை ஏறும்போதே காற்று திசை மாறியது. வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வந்தது. மேகம் என்று நினைத்தான். அது பனிப்புயல். வசந்த காலத்தில் இப்படித் திடுதிப்பென்று வந்து ஆட்டையும் மாட்டையும் மனுஷரையும் கொண்டு போகிற புயல் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. அக்கா முகத்தைப் பார்த்து ஆபத்து என்று புரிந்துகொண்டான்.

பைக் இருமிவிட்டு நின்றது. அக்கா அதை அப்படியே போட்டுவிட்டு அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பனி முகத்தில் மணல் போல அடித்தது. விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஜெபம் பண்ணப் பார்த்தான். மனப்பாடமாக இருந்த ஜெபமெல்லாம் எங்கே போயிற்றோ, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் வரவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்று நிஜமாகவே நினைத்தான். செத்தால் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்றும் நினைத்தான்.

அக்கா நின்று தொண்டை கிழியக் கத்தினாள், அந்த ஜனங்களின் பாஷையில். "நாயைப் பிடிங்க!"

அங்கே கதவு தட்டுகிற வழக்கம் இல்லை. விருந்தாளி வந்திருக்கிறேன் என்று தெரிவிக்க அப்படித்தான் ஒரு குரல் கொடுப்பார்கள். பதில் வரவில்லை. நாயும் குரைக்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு வட்டக் கூடாரம் வெள்ளையாக, மெதுவாகத் தெரிந்தது.

"யாரும் இல்லையேக்கா."

"ஆமா. உள்ள வா."

"வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குள்ள எப்படிக்கா? நம்ம ஊர்லன்னா கம்பத்துல கட்டி வச்சு அடிப்பாவ."

"உள்ள வாலே!"

அவளுக்கு 'லே' வந்துவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கதவைத் தள்ளியதும் திறந்தது. கிதியோன் வாசலில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனான்.

நடுவில் இரும்பு அடுப்பு. அதற்குள் காய்ந்த சாணம் அடுக்கி, பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது. அடுப்பின் மேல் தீப்பெட்டி. பக்கத்தில் குட்டை மேஜை. அதில் ஒரு பெரிய பிளாஸ்க், கவிழ்த்த கிண்ணங்கள், ஒரு தட்டு நிறையக் காய்ந்த தயிர்க்கட்டி, வறுத்த ரொட்டி, வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கூட இருந்தது.

அக்கா தீயை மூட்டினாள். பிளாஸ்க்கைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். உப்புப் போட்ட பால்தேநீர். ஆவி பறந்தது.

"குடி."

கிதியோன் வாங்கவில்லை. "யாருக்கு வச்சதுக்கா இது?"

"வாரவங்களுக்கு."

"நம்ம வருவோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நம்மள அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"யாரோ புதுசா வந்து கூடாரம் போட்டிருக்காவ. இது யாரு வீடுன்னு எனக்கும் தெரியாது. ஆட்ட மடக்கப் போயிருப்பாவ. வெளிய போனா இப்படித்தான் வச்சிட்டுப் போவாவ."

கிதியோன் சுற்றிப் பார்த்தான். எதிரே பெட்டியின் மேல் ஒரு சின்னப் புத்தர். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் பால்.

"நம்ம ஆட்கள் இல்லையோ" என்றான் மெதுவாக.

"குடிச்சுக்கிட்டே பேசு. ஆறிப்போயிரும்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு வாய் குடித்தான். விரல் நுனியில் உயிர் வந்து வலித்தது. இன்னொரு வாய் குடித்தான். அதற்குள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிவிட்டது. துடைக்கவும் இல்லை. வெளியே காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. உள்ளே, முகம் தெரியாத யாரோ மூட்டச் சொல்லி வைத்துவிட்டுப் போன தீ எரிந்துகொண்டிருந்தது. அவன் வாழ்க்கையில் எத்தனையோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். இப்படி ஒரு நடுக்கத்தோடு சாப்பிட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேல் புயல் ஓய்ந்தது. வீட்டுக்காரர் வரவில்லை. கிளம்பும்போது கிதியோன் சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிரதியை எடுத்தான். அந்த ஊர் எழுத்தில் அச்சடித்த நற்செய்தி. போகிற இடத்திலெல்லாம் ஒன்று வைத்துவிட்டு வருவது மிஷனெரிகளின் வழக்கம். கிண்ணத்துக்கு அடியில் வைக்கப் போனான்.

"என்னது?" என்றாள் அக்கா.

"கைப்பிரதிக்கா. ஒரு நன்றிக்கு."

"அடுப்புல சாணி இருக்கான்னு பாரு."

பார்த்தான். ஆறிய சாம்பல்தான் இருந்தது.

மூலையில் ஒரு கூடை இருந்தது. தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். கைப்பிரதியைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தோல் போட்டு மூடியிருந்த சாணக் குவியலிலிருந்து காய்ந்ததாகப் பார்த்து எடுத்து வந்தான். அடுப்பில், தான் கண்டது போலவே அடுக்கினான். கோணலாக இருந்ததென்று பிரித்து மறுபடியும் அடுக்கினான். தீ அணையுமுன்பே அக்கா தேநீர் போட்டு பிளாஸ்க்கை நிரப்பியிருந்தாள். அவன் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தான். தீப்பெட்டியை அடுப்பின் மேல் வைத்தான்.

வெளியே வந்தபோது புல்வெளி முழுக்க வெள்ளை. வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. பைக்கைத் தோண்டி எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் போய், நோயாளி அம்மாவையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வழி நெடுக அவன் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேய்ப்பர்கள் வந்தார்கள். குதிரையில் சிலர், பைக்கில் சிலர். வெயிலிலும் பனியிலும் வெந்து சிவந்த முகங்கள். பெரியவர்கள், குழந்தையை மடியில் வைத்த பெண்கள். கூடாரம் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் புத்தரைக் கும்பிடுகிறவர்கள்தான். புது ஆள் பேசுகிறான், போய் உட்கார்ந்து கேட்பது மரியாதை என்று வந்தவர்கள்.

கிதியோன் எழுந்தான். மொழிபெயர்க்க அக்கா பக்கத்தில் நின்றாள்.

"நீங்கள் அவரைக் கண்டதில்லை" என்று தொடங்கினான். "ஆனாலும் நீங்கள் வருமுன்பே..."

முன்வரிசையில் ஒரு கிழவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கைகளைக் கிதியோன் பார்த்தான். காய்த்துப் போன கைகள். இந்தக் கையாக இருக்குமோ? அடுத்து ஒரு பெண். அவளாக இருக்குமோ? அவன் கண் ஒவ்வொரு முகமாகப் போயிற்று.

அக்காவின் பக்கம் குனிந்தான். "அந்த வீட்டுக்காரர் இதுல யாருக்கா?"

"தெரியாதுன்னு சொன்னேன்லா. யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

மனப்பாடம் பண்ணிய பிரசங்கம் முழுவதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வரிகூட மறக்கவில்லை. ஆனால் இவர்களைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நேத்துப் புயல்ல நான் செத்துருப்பேன்" என்றான் கடைசியில், ஊர்ப் பேச்சிலேயே. "உங்கள்ல யாரோ ஒருத்தர் வீட்டுல, நீங்க இல்லாத நேரத்துல, உள்ள போய்ச் சாப்பிட்டேன். யாரு வீடுன்னு எனக்குத் தெரியாது. சாப்பாடு நல்லாருந்துச்சு."

அக்கா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அவ்வளவுதான். கிதியோன் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அந்தக் கிழவர் ஏதோ கேட்டார்.

"தேத்தண்ணி சூடா இருந்துச்சான்னு கேக்காவ" என்றாள் அக்கா.

"சூடா இருந்துச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். ரொட்டி போதுமானதாக இருந்ததா? இன்னொருவர் கேட்டார். சாணம் ஈரமாக இல்லையே, உடனே பிடித்துக்கொண்டதா? கம்பளி எடுத்துப் போர்த்திக்கொண்டீர்களா என்று ஒரு அம்மா கேட்டாள். எல்லோருக்கும் ஒரே கவலை. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு வந்தவனிடம் குறை வைத்துவிட்டோமோ என்கிற மாதிரியே கேட்டார்கள். எல்லோருக்கும் பதில் சொன்னான். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு கிதியோன் பெட்டியை எடுத்து வெளியே வைத்தான். பிரசங்கம் பண்ணச் சொன்ன இடத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தவனை யார் வைத்துக்கொள்வார்கள்? வாசலில் அக்கா மோட்டார் பைக்கின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் எப்பப் போகணும்?"

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த கூடையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இன்னைக்குத்தான வந்திருக்க, தம்பி. வந்த அன்னைக்கே யாராவது போவாவளா?"