கோதண்டத்தின் இரண்டு ரெய்டர்கள்

"அந்தப் பையன்கிட்ட ஏதோ சரியில்ல மேடம்," என்றார் கோதண்டம்.

மீனலோசனி திரும்பவில்லை. கண் ஆடுகளத்தின் மேலேயே இருந்தது.

"எந்தப் பையன்?"

"சிவனணைந்தான். பதினாலு புள்ளி எடுத்திருக்கான்."

"எடுக்கக் கூடாதா?"

"இவ்வளவு சுலபமா எடுக்க முடியாது."

உடுமலையில் கல்லூரிகளுக்கான கபடிப் போட்டி. முதல் நாள்.

கோதண்டம் ஒரு காலத்தில் காவல்துறை அணிக்கு ஆடியவர். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. மீனலோசனியிடம் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

மீனலோசனிக்கு முப்பத்தாறு வயது. சென்னையில் உள்ள ஒரு தொழில்முறை அணிக்கு ஆறு வருடமாக ஆள் கண்டுபிடித்துக் கொடுப்பவர். அதிகம் பேச மாட்டார்.

இந்தப் போட்டியிலிருந்து ஒரு ரெய்டரின் பெயரைத்தான் அனுப்ப முடியும். எதிரணியின் பாதிக்குள் தனியாகப் பாடிப் போய், ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்பி வருகிற ஆள் வேண்டும். அன்று மாலைக்குள் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ரெக்ஸன். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரி சிவனணைந்தான்.

கோதண்டம் நோட்டில் நடுவில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

ரெக்ஸன் பக்கத்தில் உயரம், எடை, பன்னிரண்டு புள்ளி, ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. அடியில், 'சுத்தம்.'

சிவனணைந்தான் பக்கத்தில் எல்லாம் கேள்விகள். 'வயது? முழங்கால்? ஷூ புதுசு, வாங்கித் தந்தது யார்? எதிரணியில் இடது ஓரம், கார்னரில் நின்றவன் இரண்டு தடவை பிடியை விட்டான். ஏன்?'

"நீங்க என்ன மேடம் எழுதியிருக்கீங்க?"

மீனலோசனி தன் நோட்டைக் காட்டினார். இரண்டு பெயர்கள். மற்றதெல்லாம் வெள்ளைத் தாள்.

"ஒண்ணுமே எழுதலையே?"

"இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"காலையிலேர்ந்தா?"

"ஆமா."

கோதண்டத்துக்கு அதுவும் உறுத்தியது. முன்கூட்டியே யாரையாவது முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாரோ?

கோதண்டம் ஐந்து மணிக்கு, ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் பின்பக்கம் போனார். சிவனணைந்தான் குழாயடியில் பனியனை அலசிக்கொண்டிருந்தான்.

"பிறந்த தேதி என்ன?"

பையன் நிமிர்ந்து பார்த்தான். சொன்னான்.

"பிறந்த கிழமை?"

"தெரியாதுய்யா."

"இந்த ஷூ?"

"சீனியர் அண்ணன் குடுத்ததுய்யா. அவங்களுக்குப் பத்தல."

"அந்த இடது கார்னர் உனக்குத் தெரிஞ்சவனா?"

"இல்லய்யா. இன்னைக்குத்தான் பார்க்கேன்."

"அப்புறம் ஏன் விட்டான்?"

"ஈரக் கையோட பிடிச்சான்யா. வழுக்கிட்டு."

ஒவ்வொரு பதிலையும் கோதண்டம் பையன் கண்ணெதிரிலேயே எழுதினார். முழங்காலை மடக்கச் சொன்னார். மடக்கினான். நீட்டச் சொன்னார். நீட்டினான்.

"பிறந்த தேதியை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.

"ஊர் பேரு, அப்பா பேரு."

சொன்னான். குழாய் திறந்தே இருந்தது. பனியன் கையிலேயே இருந்தது.

"ஐயா, நீங்க போலீஸா?"

கோதண்டம் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் அரையிறுதி. இரண்டு பேருடைய கல்லூரிகளும் மோதின.

முதல் பாதியில் ரெக்ஸன் ஏழு புள்ளி எடுத்தான். சிவனணைந்தான் இரண்டு. நான்கு தடவை பிடிபட்டான். நான்காவது தடவை நடுக்கோட்டைத் தாண்டிய உடனேயே காலைக் கொடுத்துவிட்டான்.

இடைவேளை விசில் கேட்டது.

"சொன்னேன்ல மேடம்," என்றார் கோதண்டம். "நேத்து ஆடினது நிஜமில்ல. சாயம் வெளுத்துப் போச்சு."

"நேத்து ஆட்டம் முடிஞ்சப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணுமேவா?"

"நான் போய் விசாரிச்சேன். அவ்வளவுதான்."

"என்ன சொன்னான்?"

"எல்லாத்துக்கும் பதில் சொன்னான்."

"சரியாச் சொன்னானா?"

"ரொம்பச் சரியாச் சொன்னான். தேதியை ரெண்டு தடவை கேட்டேன், மாத்தவே இல்ல. அதான் எனக்கு இன்னும் இடிக்குது."

மீனலோசனி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தார்.

"இன்னைக்கு என்ன எழுதியிருக்கீங்க? படிங்க சார்."

கோதண்டம் படித்தார்.

"ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால கேலரியைப் பார்க்கிறான். மொத்தம் ஏழு தடவை. யாருக்கோ சைகை."

"யாருக்கு?"

"அதைத்தான் நானும் கண்டுபிடிக்கப் பார்த்தேன். நம்ம பக்கம்தான் பார்த்தான். நமக்குப் பின்னால யாரோ இருக்கணும்னு திரும்பிப் பார்த்தேன்."

"யாரு இருந்தாங்க?"

"பின்வரிசை காலி."

மீனலோசனி பையிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார்.

"வெயில் ஏறிடுச்சு. வண்டியைக் கொஞ்சம் நிழல்ல விட்டுட்டு வாங்க சார்."

"இப்பவா? செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்கப் போவுதே."

"இப்பத்தான்."

கோதண்டம் ஹாலை விட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி நடந்தார்.

வண்டி புங்க மரத்தடியில் நின்றிருந்தது. நல்ல நிழல். காலையில் அங்கே நிறுத்தியதே அவர்தான்.

சாவியோடு நின்றார்.

உள்ளே விசில் கேட்டது. கூட்டம் அடங்கியது. பிறகு ஒரு கத்தல்.

ஹாலை நோக்கி நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தார்.

இருபது நிமிடம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கத்தல் யாருக்கு என்று தெரியவில்லை. காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது.

கடைசியில் நீளமாக ஒரு விசில். கொஞ்ச நேரத்தில் மீனலோசனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோத்துட்டாங்க," என்றார். "ரெண்டு புள்ளியில."

"யாரு?"

"சிவனணைந்தான் டீம்."

கோதண்டம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். முதல் பாதியில் நான்கு பிடி, எதிரணிக்கு நான்கு புள்ளி. அவருக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

"ரெண்டாவது பாதியில அவன்?"

"பத்து."

"பத்தா?"

"நோட்டை எடுங்க. எழுதுங்க."

"நான் பார்க்கலையே மேடம்."

"நான் பார்த்தேன்."

கோதண்டம் பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"ஸ்கோர் ஷீட் வாங்கிட்டு வந்துடட்டுமா?"

"வாங்கிட்டு வாங்க."

இறங்கினார். கதவைப் பிடித்தபடி நின்றார். மீனலோசனி கண்ணாடி வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் திரும்ப ஏறி உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மேடம்."

"எதிர்ல ஏழு பேரும் நிக்கும்போது ரெக்ஸன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வச்சு ஒரு புள்ளி வாங்கிட்டுத் திரும்பிடறான். யாரையும் தொடறதில்ல. அதனாலதான் பிடிபடறதே இல்ல. ஆள் குறைஞ்சப்புறம்தான் உள்ள போறான்."

எழுதினார்.

"சிவனணைந்தான் ஏழு பேரும் நிக்கும்போதே உள்ள போறான். இன்னைக்கும் போனான். ரெண்டாவது பாதியில."

"கேலரியைப் பார்த்தானா?"

"முதல் ரெய்டுக்கு முன்னால ஒரு தடவை பார்த்தான். உங்க நாற்காலி காலியா இருந்துச்சு."

பேனா நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கல."

கோதண்டம் அதையும் எழுதினார். சிவனணைந்தான் பக்கத்தில் முந்தின நாள் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக அடித்தார். ரெக்ஸன் பக்கத்தில் இருந்த 'சுத்தம்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை அப்படியே விட்டுவிட்டார்.

"யார் பேரை அனுப்பறீங்க?"

மீனலோசனி தன் நோட்டைத் திறந்தார். ஒரு பெயரின் மேல் கோடு விழுந்திருந்தது. மற்றதைக் கோதண்டம் படித்தார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றார் மீனலோசனி.

"நானா? நீங்க சொன்னா நல்லாயிருக்கும் மேடம்."

"நீங்கதான்."

சங்கரன்கோவில் பையன்கள் வாசலில் வேனுக்காகக் காத்திருந்தார்கள். தோற்றுப்போன பையன்கள் நிற்கிற மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவனணைந்தான் கடைசியில் நின்றான்.

கோதண்டம் வருவதைப் பார்த்ததும் அவன் பக்கத்திலிருந்தவன் தள்ளிப் போனான்.

கோதண்டம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். அவன் எதிரில் வந்து நின்றதும் சிரிக்கப் பார்த்தார். சிரித்துப் பழக்கமில்லாத முகம், சரியாக வரவில்லை.

"தம்பி," என்றார். "உன் பேரை எழுதியிருக்கோம்."

சிவனணைந்தான் தோளிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலையேய்யா," என்றான்.