குளிச்சாச்சா?

கோத்தகிரியில் எங்கள் மடம் என்பது மூன்று அறையும் ஒரு தகரக் கூரையும்தான். அங்கே குரு உமையாள் அம்மா. வயது நாற்பத்திரண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள், நான் உட்பட. ஞானம் தேடி வந்த என்னைப் பிடித்து அடுப்படியில் உட்கார வைத்தார். பதினோரு வருஷமாயிற்று, இன்னும் எழுந்தபாடில்லை.

அன்று மத்தியானம் தனுஷ்கோடி வந்தார். தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன், ஐம்பத்தாறு வயது. மாதம் ஒரு தடவை வந்து ஏதாவது கேள்வி கேட்டுவிட்டுப் போகிற சீடர். அன்றைக்குச் சவரம் செய்யாத முகம். நடையில் ஜீவனே இல்லை. செருப்பைக் கழற்றவே அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“அம்மா, இந்திராணிகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும். நீங்க கூப்பிட்டா வருவா.”

இந்திராணி அவர் மனைவி. மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“ஏன் போனாங்க?” என்றார் அம்மா.

“சுடுதண்ணி குடுத்தேன். அதுக்குப் போய்ட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

விஷயம் இதுதான். கிரிப்டோ காசு எடுக்கிற மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். ராவும் பகலும் அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்; ஓடுகிற நேரத்துக்குத்தான் காசு. இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும். இந்தச் சூடு வீணாகப் போகிறதே என்று தண்ணீர்க் குழாயை அதைச் சுற்றிக் கொண்டுபோய் மாடித் தொட்டியில் விட்டிருக்கிறார். குழாயைத் திறந்தால் சுடச்சுடத் தண்ணீர். எங்கள் ஊர்க் குளிருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே ஒரு டிசம்பர் இருந்து பார்த்தால் தெரியும். இந்திராணிக்கு மூட்டுவலி வேறு.

“முதல் நாள் குளிச்சிட்டு வந்து அழுதுட்டா அம்மா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இப்பத்தான் எனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கீங்கன்னா.”

“அப்புறம்?”

“தினமும் பதினோரு மணிக்கு ஃபேக்டரியிலிருந்து போன் பண்ணுவேன். குளிச்சாச்சான்னு கேப்பேன். நாலு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, கால்வலிக்குச் சுடுதண்ணி ஊத்திக்கோம்பேன். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் கூட மறக்க மாட்டார்னு தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டா.”

“அதென்ன பதினோரு மணி?”

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார்.

“அப்பத்தான் தொட்டித் தண்ணி உச்சத்துக்குச் சுடும். அதுக்கு மேல போனா மெஷின் தானா நின்னுடும். யாராவது சுடுதண்ணியைத் திறந்தாத்தான் பச்சைத்தண்ணி உள்ளே வரும், மெஷின் திரும்ப ஓடும். எல்லாம் என் போன்லயே தெரியும்.”

ஆக, மெஷின் ஓட அந்த அம்மாள் குளிக்க வேண்டும். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“மூணு வாரம் முன்னாடி அவளுக்குக் காய்ச்சல். டாக்டர் குளிக்கக் கூடாதுன்னுட்டார். பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். இன்னைக்குக் குளிக்கலைங்கன்னா. வாயில வந்துடுச்சு அம்மா, நான் யோசிச்சுச் சொல்லலை.”

“என்ன சொன்னீங்க?”

“குளிக்காட்டிப் பரவாயில்லை, குழாயையாவது திறந்து விடுன்னு.”

தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்ப இத்தனை நாளும் கேட்டதெல்லாம் எதுக்குங்கன்னு கேட்டா. தண்ணி சூடாத்தானே இருந்துச்சுன்னேன். மறுநாள் முதல் பஸ்ல போய்ட்டா.”

“இப்ப மெஷின்?”

“ஓடுது. காலையிலயும் சாயங்காலமும் நானே குழாயைத் திறந்து விடறேன். சாக்கடையில போகுது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் பொய் சொல்லலை அம்மா. வீணாப் போற சூட்டைத்தான் குடுத்தேன், அவளுக்கும் அது இதமாத்தான் இருந்துச்சு. இதுல என் தப்பு என்ன? சொல்லுங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, சுக்குக்காப்பி இருக்கா?”

பெரிய பாத்திரத்தில் முக்கால்வாசி இருந்தது. கொண்டுவந்து வைத்தேன். அம்மாவே ஊற்றிக் கொடுத்தார். தனுஷ்கோடி ஊதி ஊதிக் குடித்தார். டம்ளர் காலியானதும் மறுபடி ஊற்றினார்.

“குளிருக்கு நல்லா இருக்கும். குடிங்க ஐயா.”

மூன்றாவது டம்ளரில் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. “வீட்டுல இப்படிப் பார்த்துப் பார்த்து ஊத்த ஆளில்லை அம்மா. பத்தொன்பது நாளா நான் ஒழுங்கா ஒரு வாய் காப்பி குடிக்கலை.”

அம்மா நான்காவதை ஊற்றினார். அதையும் எப்படியோ குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் அம்மா. முட்டிக்கிட்டு வருது.”

“இன்னும் ரெண்டு டம்ளர்தான் இருக்கு, குடிச்சிடுங்க. அண்ணன் உலை வைக்கணும். பாத்திரம் காலியாகணும்.”

அடுக்களையில் இரண்டு பாத்திரம் காலியாகத்தான் கவிழ்ந்து கிடந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

தனுஷ்கோடி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“பாத்திரத்துக்காகத்தான் ஊத்தினீங்களா?”

“ஆமா.”

“முதல் டம்ளரும்?”

“காப்பி சூடாத்தானே இருந்துச்சு, ஐயா?”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

“நீங்களே பேசுங்க அம்மா. எனக்கு முகமில்லை. அவகிட்ட என்ன கேக்கறதுன்னு கூடத் தெரியலை. இந்த ஒரு வருஷமா நான் அவகிட்ட கேட்டது அந்த ஒரு கேள்விதான்.”

அம்மா போனை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“அதையே கேளுங்க. மெஷினை நிறுத்திட்டுக் கேளுங்க.”