பால்கனியில் உருண்ட தேங்காய்

கிரகப்பிரவேசத்தன்று நாலாவது மாடி பால்கனியில் நின்று பில்டர் தணிகாசலம், வீடு வாங்கியவர்களிடம் தன் கட்டடத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"கம்பிக்கு நடுவுல இவ்வளவு இடைவெளி இருந்தா பிள்ளைங்க விழுந்துருமுங்க," என்றாள் சித்தாள் மாரக்காள்.

"எனக்கே சொல்லித்தர்றியா? எங்கே, நிரூபி! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மாரக்காள் பூஜைத் தட்டிலிருந்த தேங்காயை மெல்ல உருட்டிவிட்டாள். அது கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, கீழே நின்ற அவருடைய காரின் கண்ணாடியை உடைத்தது.

"அடிப்பாவி! என் காரு!"

"தவழுற பிள்ளைக்கும் இதே வழி போதுமுங்க ஐயா."

வீடு வாங்கியவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கம்பிகளை நெருக்கிப் போடாமல் குடிவர மாட்டோம் என்றார்கள். பில்டர் தலையாட்டினார்.

மாரக்காள் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் இவர் கட்டிய வீட்டிலும் இதே இடைவெளியைப் பார்த்தாள். வேலை போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டாள். அங்கே ஒரு பிள்ளை, தவழப் பழகிய நாலாம் நாள் விழுந்தது.