வாய்க்காலில் பிறந்த சொல்

1821, ஆடி மாதம் ஒன்பதாம் தேதி. புளியங்கால் ஜமீன் சபையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ராஜாவுக்கு ஆலோசகராக இருந்தவர் மருதைப் பிள்ளை. அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது.

அந்தப் பதவியின் மேல் துபாஷி சேஷப்பய்யாவுக்கு நெடுநாளாக ஒரு கண். நிலம் அளக்க வந்த ஹார்வுட் துரைக்குப் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர், நடுவில் ஒரு கண்ணி வைத்தார்.

"மகாராஜா, துரை பாஷையில் 'ரைவல்ரி' என்று ஒரு சொல். ஒரே பொருளுக்கு இருவர் முட்டிக்கொள்ளும் சண்டை என்று அர்த்தம். அது எங்கே பிறந்தது என்று பிள்ளைவாள் சொல்லட்டுமே. எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் சர்க்கரைப் பொங்கல். "என்னவோய் பிள்ளை? நாளைக் காலைக்குள் சொல்லும். தவறினால் உம்முடைய இடத்தில் சேஷப்பய்யா உட்காருவார்."

பதினைந்து வருஷத்துப் பதவி. பிள்ளை மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சொல்வானேன் மகாராஜா? கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுகிறேன்."

மறுநாள் ராஜா பல்லக்கிலும் துரை குதிரையிலும் வந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு துபாஷி நடந்தார். "சீமைச் சொல்லைத் தேடிக் கப்பல் ஏறுவார் என்று பார்த்தேன். பிள்ளைவாள் வரப்பு ஏறுகிறாரே!"

பெரிய வாய்க்காலின் மடையருகே மண்வெட்டியும் கையுமாக இருவர் நின்றார்கள். மேல்வயல் உலகாணி, அவன் மைத்துனன் கீழ்வயல் பொன்னுமாடன்.

"மச்சான், என் முறைத் தண்ணியை மறிச்சது யாரு?" என்றான் பொன்னுமாடன்.

"நண்டு மறிச்சிருக்கும்."

"நண்டு மண்வெட்டி வச்சிருக்குமோ? எங்க அக்காளைத்தான் உமக்குக் கொடுத்தோம். தண்ணியையும் சேர்த்தா கொடுத்தோம்?"

பிள்ளை மடையைக் காட்டினார். "இதுதான் மகாராஜா, அந்தச் சொல் பிறந்த இடம்."

ராஜா சிரிக்க வாயெடுத்தார். துரையோ குதிரையிலிருந்து குதித்து இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினார்.

"துரை என்ன சொல்கிறார்?"

துபாஷி குடையைத் தாழ்த்திக்கொண்டார். "லத்தீன் என்று ஒரு பழம்பாஷையாம். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இருவருக்கு அதில் ஒரு பெயராம். அதிலிருந்துதான்..."

"அதிலிருந்துதான்?"

"இந்தச் சொல் வந்ததாம். பிள்ளைவாள் காட்டிய இடம்... சரிதானாம்."

ராஜா பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தார். "லத்தீனை எங்கேயய்யா படித்தீர்?"

"படிக்கவில்லை மகாராஜா. சண்டை என்றுதானே துபாஷி அர்த்தம் சொன்னார்? எந்தச் சண்டையின் பெயரைக் கேட்டிருந்தாலும் இங்கேதான் கூட்டி வந்திருப்பேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகளின் தோள் குலுங்கியது. அங்கேயே பரிசும் சொன்னார்: அதே வாய்க்காலில், சேஷப்பய்யாவின் வயலுக்கு நேர் மேலே, மூன்று மா நன்செய்.

1822, ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, மருதைப் பிள்ளை முறை தப்பித் தண்ணீரை மறித்ததாகச் சேஷப்பய்யா ஜமீன் கச்சேரியில் புகார் கொடுத்தார்.