அப்பாரு போட்டோவில் இருக்கிறபடியே

சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல் உண்டு என்பதில் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. பாதி லாரி ஏற்கெனவே சாம்பலாகிவிட்டது. மீதிப் பாதி செவப்பாக, தன் முறை எப்போது வருமோ என்று நின்றது.

"கதவுக்கு வெளுத்த சாம்பல், மட்கார்டுக்குக் கறுத்த சாம்பல்," என்றார் பெயிண்டர் சாதிக் பாய்.

"மட்கார்டு அம்புட்டுக் கறுப்பு இல்ல பாய். நல்லாப் பாரு," என்றார் வெல்டர் அர்த்தநாரி.

"ஏனுங்க, லாரி செவப்புத்தானே? ஊருக்கே தெரியுமே," என்றேன் நான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவதோடு நின்றவன் வேறென்ன பேசுவான் என்கிற பார்வை.

"போட்டோவுல செவப்பு எங்கடா இருக்குது? காட்டு பாக்கலாம்," என்றார் பெரியப்பா.

காட்ட முடியவில்லை. அது கறுப்பு வெள்ளைப் போட்டோ.

விஷயம் இதுதான். லாரி எங்க அப்பாருவுடையது; அதாவது எங்கப்பாவைப் பெற்றவர். சங்ககிரியில் எங்கள் குடும்பத்தின் முதல் வண்டி, முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய சாதி. எங்கப்பா பிறந்ததே அதில்தான், ஆஸ்பத்திரி போகிற வழியில், வெல்ல மூட்டைகளுக்கு நடுவே. அதனால் வீட்டில் எல்லாரும் அந்த வண்டியை வயசான சொந்தக்காரர் மாதிரி நடத்துவார்கள். பெரியம்மா பாவாயி மட்டும் அதை மாட்டுக் கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்பு என்பார்.

"ஞாயித்துக்கிழமை சந்தை மைதானத்துல பழைய வண்டிக் கண்காட்சி நடக்குதாம். அங்க ஒரு சான்றிதழ் வாங்கிக் காட்டுங்க, வண்டி இருந்துட்டுப் போவுது. இல்லீன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். என்ற மாடு எத்தனை மழைக்குத்தான் நனையும்?" என்று சொல்லிவிட்டார் பெரியம்மா.

பெரியப்பா நாச்சிமுத்து அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கூட்டாளிகள் அர்த்தநாரியும் சாதிக் பாயும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். ஒருத்தர் தப்பாக ஒன்றை நினைத்தால், மற்ற ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் அதையே நினைப்பார்கள்.

கண்காட்சிச் செயலாளர் தனசீலனுக்குப் போன் போட்டார்கள். அவர் பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

"பழைய போட்டோ இருக்குதுங்களா? அப்படின்னா கவலையே இல்லீங்க. போட்டோவுல இருக்கிறபடியே கொண்டு வாங்க. ஒரு நட்டு மாறியிருந்தாலும் சான்றிதழ் கிடையாதுங்க."

அன்றோடு மூன்று பேருக்கும் புத்தி என்று ஒன்று தேவைப்படவில்லை. போட்டோ இருந்தது.

அது லாரி வீட்டுக்கு வந்த அன்றைக்கு எடுத்த போட்டோ. வண்டியின் இடப்பக்கம் தெரிகிறது. அப்பாரு இடது கையை மட்கார்டில் வைத்து, வலது கையால் தோள் துண்டைப் பிடித்து, முறைத்தபடி நிற்கிறார். கூரைமேல் கிளீனர் குந்தி உட்கார்ந்து வாயைத் திறந்து சிரிக்கிறான். கதவின்மேல் ஒரு வேப்பமர நிழல். கீழே தரையில், தலையில் துணியைப் போர்த்திய போட்டோக்காரரின் நிழல்.

சாதிக் பாய் வேப்பமர நிழலைக் கதவில் பெயிண்டால் வரைந்தார். இலை இலையாக, அருமையாக வந்திருந்தது. வரைந்து முடித்த நேரத்தில் கொட்டகைக்கு வெளியே இருந்த புங்கமர நிழலும் அதன்மேல் விழுந்தது. உடனே அர்த்தநாரி அரிவாளை எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டார். பெரியம்மா விளக்குமாறோடு வந்து இறக்கினார்.

அடுத்த சிக்கல் முகப்பு விளக்கு. போட்டோவில் ஒரு விளக்குத்தான் இருந்தது. இன்னொன்று இருக்கவேண்டிய இடத்தைப் பூச்சி அரித்து ஓட்டையாக்கியிருந்தது.

"அது பூச்சி தின்னதுங்க," என்றேன்.

"பூச்சி எதுக்குடா வெளக்கைத் தின்னுது?" என்றார் அர்த்தநாரி.

"அப்பாரு ஒத்தை வெளக்குலதான் மைசூர் வரைக்கும் போயிருக்காரு. இப்பத்தான் தெரியுது அவரு எப்பேர்ப்பட்ட மனுசன்னு," என்றார் பெரியப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லாயிருந்த விளக்கைக் கழற்றிக் கொடுத்தார்.

போட்டோ பாதி லாரியோடு முடிந்துவிடும். பின்சக்கரம் அதில் கிடையாது. இதைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினார்கள்.

"அறுத்துப் போடலாமா?" என்றார் அர்த்தநாரி, கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு.

"பின்சக்கரம் இல்லாம வண்டி போகுமா?" என்றார் சாதிக் பாய்.

"அப்பாரு ஓட்டியிருக்காரே!"

"அவரு ஓட்டுவாரு. நம்மளால ஆகுமா?" என்றார் பெரியப்பா. அந்த ஒரு கேள்வியால்தான் பின்சக்கரம் பிழைத்தது. அறுப்பதற்குப் பதிலாகப் போட்டோ முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் தார்ப்பாயால் மூடினார்கள். வலப்பக்கத்துக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. தெரியாத பக்கத்துக்கு நாமாக ஒரு நிறம் சொல்வது அப்பாருவுக்குத் துரோகமாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பெரியப்பா அப்பாருவாகவும், அர்த்தநாரி கிளீனராகவும் வேஷம் போட்டார்கள். ஆட்களும் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும் இல்லையா? பெயிண்ட் எரியும் என்று, கோயில் கடையில் திருநீறு வாங்கி வந்து நெற்றியிலிருந்து கால்வரை பூசிக்கொண்டார்கள்.

வண்டியை எடுக்கலாம் என்று நான் டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"எறங்குடா!" என்று கத்தினார் பெரியப்பா. "போட்டோவுல சீட்டுல யாரு இருக்கறாங்க?"

யாரும் இல்லை.

"அப்பறம் வண்டி எப்படிங்க மைதானத்துக்குப் போவும்?"

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் சாதிக் பாய் வந்து தீர்ப்பு சொன்னார்: "வெள்ளைக் கோட்டுக்குப் பின்னாடி போட்டோ கெடையாது தம்பி. அங்க எத்தனை பேரு நின்னு தள்ளினாலும் குத்தமில்ல."

தெருப் பையன்கள் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று தள்ளினார்கள். பெரியப்பா மட்கார்டில் கை வைத்து, முறைத்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். அர்த்தநாரி கூரைமேல் குந்திப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். ஆளில்லாத லாரி முதலில் டீக்கடைப் பெஞ்சைத் தட்டிவிட்டது. அப்புறம் ஒரு கல்யாண மண்டப வாசலில் மூக்கை நுழைத்தது. பன்னீர் தெளிக்கும் பெண்கள் பழக்கத்தில் அதற்கும் தெளித்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வலப்பக்கம் ஓடிப்போய், சன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்தப் பக்கம் போட்டோவில் இல்லாததால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைவீதியில் ஒரு அம்மா பெரியப்பாவின் காலில் விழுந்தார். "சாமி, என்ற மகனுக்கு ஒரு வேலை அமையோணும்!"

பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. முறைத்தார்.

"பேசாச் சாமி! ரொம்பச் சக்தி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார் அந்த அம்மா.

மைதானத்தில் மற்ற லாரிகள் எல்லாம் புதுப் பெயிண்டும் பாட்டுப் பெட்டியுமாக நின்றன. வண்டிக்காரர்கள் ஆளாளுக்குத் தாத்தா பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் தாத்தா லாரியிலேயே இமயமலை ஏறினாராம். எங்கள் லாரி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. நல்ல வெயில். பக்கத்தில் மரமே இல்லை. கதவில் மட்டும் வேப்பமர நிழல்.

சாதிக் பாய் ஒரு கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வண்டிக்கு எதிரில் குனிந்து நின்றார். அவர்தான் போட்டோக்காரர் நிழல். அதற்கப்புறம் அவருக்கு எதுவும் தெரியவுமில்லை, கேட்கவுமில்லை.

தனசீலன் போட்டோவைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். போட்டோவில் இருந்த பூச்சி ஓட்டைக்குள் விரலை விட்டார். லாரியில் விளக்கு இருக்கவேண்டிய இடத்தைத் தடவினார். வலப்பக்கம் சுற்றிப் போனவர், செவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்தப் பக்கம் ஏனுங்க அப்படி?"

"அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியாதுங்க," என்றார் அர்த்தநாரி கூரையிலிருந்து. போட்டோவில் கிளீனர் வாய் திறந்திருந்ததால், அவர் மட்டும் பேசலாம் என்பது ஏற்பாடு.

தனசீலன் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். என்ன செய்வார் பாவம், விதி அவர் சொன்னதுதான். ஒரு நட்டு மாறவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "முதல் சான்றிதழ், சங்ககிரி நாச்சிமுத்து அவர்களுக்கு! மேடைக்கு வரவும்!"

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த பெரியம்மாகூட எழுந்து நின்றார்.

பெரியப்பா அசையவில்லை.

"பெரியப்பா, கூப்பிடறாங்க! போங்க!" என்றேன்.

உதடு அசையாமல் ஒரு முனகல் வந்தது. "போட்டோவுல மேடை எங்கடா இருக்குது?"

நானே மேடைக்கு ஓடினேன். "உரிமையாளர் வாங்கிக்கணும் தம்பி," என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மா வேலியருகே வந்து நின்றார். "ஏனுங்க, கேக்குதா? போயி அந்தக் காகிதத்தை வாங்குங்க. வாங்கினீங்கன்னா வண்டி உங்களுக்கு. இல்லீன்னா இப்பவே இரும்புக்காரனக் கூப்பிடுவேன்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

பெரியப்பா அவரையும் முறைத்தார். அப்பாரு முறைத்த அதே முறைப்பு. அசல் தப்பவில்லை.

தனசீலனுக்கு மனசு கேட்கவில்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இந்தாங்க அண்ணா. ஒரு கையை நீட்டுங்க, போதும்."

ஒரு கை மட்கார்டில். ஒரு கை துண்டில். நீட்டக் கை இல்லை.

"சரிங்க, சட்டைப்பையில வெச்சுடறேன்."

"ஐயோ, வேண்டாமுங்க!" என்று அலறினார் அர்த்தநாரி. "போட்டோவுல பை காலியா இருக்குதுங்க!"

தனசீலன் சுற்றும் முற்றும் பார்த்தார். பெரியம்மா போனைக் காதில் வைத்தாயிற்று. எதிர்முனையில் மணி அடிக்கிறது.

"அண்ணா," என்றார் தனசீலன், அழாத குறையாக. "நீங்க அசையவே வேண்டாம். ஒரே ஒரு தரம் கண்ணை மட்டும் சிமிட்டுங்க. வாங்கிக்கிட்டதா நான் எழுதிக்கறேன்."

மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டு பெரியப்பாவின் கண்ணையே பார்த்தது. வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. புருவம் வரைக்கும் ஏறியது. கண் ரெண்டும் சிவந்து, தண்ணீர் கட்டி, திருநீற்றில் கோடு போட்டுக்கொண்டு வழிந்தது.

பெரியப்பா சிமிட்டவில்லை.